தகட்டுக்கு அடியில் கை

காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டறை. தண்ணீர்த் தொட்டியும் அரிசி ஆலைக்கான புகைபோக்கியும் செய்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சுருளி அங்கே தகடு தூக்கிக்கொண்டிருந்தார். லாரியில் வந்திறங்குவதை உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவர் மனைவி செல்லத்தாயின் தம்பி மொக்கையன். கையுறையை இருவரும் கண்டதில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளங்கையில் மாட்டிக்கொள்வார்கள். விரல்கள் வெளியேதான் இருக்கும்.

அன்று ஒரு கனத்த தகட்டை அடுக்கின் மேல் இறக்கப் போனார்கள். சுருளிக்கு இடது கைப் பிடி வழுக்கியது. விரலை மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வைக்காத மாப்ள!" என்று கத்தினார்.

பக்கத்தில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மொக்கையன் காதில் 'வை' மட்டும்தான் விழுந்தது. வைத்துவிட்டான்.

சுருளியின் இடது கை விரல்கள் அடியில் மாட்டிக்கொண்டன. வலி உடனே வரவில்லை. கையை இழுத்தார், வரவில்லை. வாய் திறந்தது, தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்த மொக்கையன் பதறிப்போய்த் தன் பக்கத்தைத் தூக்கக் குனிந்தான். அந்தப் பக்கம் மேலே போனால் மொத்தப் பாரமும் சரிந்து இந்தப் பக்கம் வரும். விரல்கள் துண்டாகிவிடும்.

"தொடாத! யாரும் தொடாதீங்க!"

உதவிக்கு வருகிற ஒவ்வொரு கையையும் கண்டு அவர் நடுங்கினார். வெல்டர் வீரணன் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கடப்பாரையோடு ஓடிவந்தார்.

"அண்ணே, அசையாம இருங்க. நான் சொன்னப்புறம் உருவுங்க."

"வழுக்கிறாதுல்ல வீரணா?"

வீரணன் இடுக்கைப் பார்த்துக் குனிந்தார். கடப்பாரையை நுழைத்து நெம்பினார். தகடு நூலளவு எழும்பியது. கடப்பாரை நழுவியது. தகடு மறுபடி இறங்கியது. சுருளி போட்ட அலறலில் தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடுத்த முறை மொக்கையன் இடுக்கில் மரக்கட்டையைச் செருகினான். கை வெளியே வந்தது. சுருளி பார்ப்பதற்கு முன்பே வீரணன் துண்டால் சுற்றிவிட்டார்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது துண்டு சிவந்துகொண்டே வந்தது.

"உள்ள எல்லாம் இருக்கா மாப்ள?"

"இருக்கு மச்சான்."

மொக்கையனும் பார்த்திருக்கவில்லை.

நர்ஸ் துண்டைப் பிரித்தபோது சுருளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. மோதிரவிரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை.

வீட்டில் செல்லத்தாய் பானை மூடியைக் கீழே போட்டாலே சுருளி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்வார்.

"வேற சோலி பாருங்களேன்" என்றாள் அவள்.

"இரும்பத் தூக்குறதத் தவிர எனக்கு என்ன தெரியும் புள்ள?"

கட்டுப் பிரித்த சில நாளில் பட்டறைக்குப் போனார். பழையபடி மறுமுனையில் மொக்கையன். தூக்கினார்கள், நடந்தார்கள். அடுக்குக்கு மேலே வந்ததும் சுருளியால் இறக்க முடியவில்லை. விரல்கள் தகட்டை விட மறுத்தன. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"மச்சான், வைக்கணும். இம்புட்டு நேரம் தாங்காது."

"முடியல மாப்ள. பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். அன்னைக்கு வச்சது நான்தான?"

வீரணன் இதைக் கேட்டுவிட்டார். ஓடிவந்து அடுக்கின் மேல் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டார். தகடு கட்டை மேல் உட்கார்ந்தது. கீழே கை போய்வர இடம் இருந்தது. சுருளி கையை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு கட்டை போடாமல் அவர் தகட்டைத் தொட்டதில்லை. நேரமாகிறதென்று முதலாளி சத்தம் போட்டார். கிரைண்டரை நிறுத்தாமல் இறக்க மாட்டேன் என்றும் சுருளி சொன்னார். முணுமுணுத்தாலும் முதலாளி விட்டுவிட்டார். ஆனால் பயம் விடவில்லை. மேலும் சில வருடம் அந்தப் பயத்தோடேயே தூக்கினார். பிறகு பெயிண்ட் அடிக்கும் பக்கம் மாறிக்கொண்டார். அங்கேயும், எங்காவது இரும்பு விழுகிற சத்தம் கேட்டால் பிரஷ் அப்படியே நின்றுவிடும். இடது கை தானாக வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். யாரும் கத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி அடிக்கத் தொடங்குவார்.