மிஸ் யூ

'மிஸ் யூப்பா' என்று மகளின் செய்தி கைப்பேசியில் மின்னியதும், என் நினைவில் அத்தர் மணக்க ஒரு வாழ்த்து அட்டை எங்கள் பழைய புதுக்கோட்டை வீட்டுக்குள் வந்து விழுந்தது. துபாயிலிருந்து அப்பா அனுப்பியது. அட்டை முழுக்க இதே இரண்டு வார்த்தைகள்.

எங்கள் வீட்டுப் பேச்சு உருது; அம்மாவை அம்மி என்போம். அம்மிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு அப்போது நாலாம் வகுப்பு ஆங்கிலம்.

"மிஸ்னா என்னடா?"

"பஸ்ஸை மிஸ் பண்றோம்ல, அதான்."

"யா அல்லாஹ்! ஏரோப்ளேனை விட்டுட்டாரா? அப்ப பெருநாளைக்கு வரமாட்டாரா?" வறுத்துக்கொண்டிருந்த சேமியாவை அப்படியே இறக்கிவைத்துவிட்டு அம்மி அழுதாள்.

எதிர்வீட்டு டீச்சர் வந்து அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க நெனப்பாவே இருக்காராம்ங்க!"

அம்மி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "அதை 'யாத் ஆத்தி ஹை'ன்னு எழுதுனா கொறைஞ்சா போயிடுவாரு?"

மகளுக்கு அதையே எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அப்டின்னா என்னப்பா?"