சாமி அறையில் வளர்ந்த சிறுகீரை

1979. அந்தி சாய்ந்தால் போதும், கஸ்தூரியின் கண்களில் திரை விழுந்துவிடும். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இரண்டு முறை வாசற்படி தடுக்கி விழப் பார்த்தாள்.

"மாலைக்கண்ணும்மா. தினமும் கீரை சாப்பிடுங்க," என்றார் லேடி டாக்டர்.

கணவர் கோதண்டராமன், கோயிலருகே ஒரு லாட்ஜில் மேனேஜர். மனைவிமேல் உயிரையே வைத்திருந்தார். கூடவே கொஞ்சம் மூளையையும் வைத்திருக்கலாம்.

அடி அண்ணாமலையிலிருந்து கீரை கொண்டுவரும் பாஞ்சாலையை வாசலோடு திருப்பி அனுப்பினார். மூடாத கூடை, மலை சுற்ற வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்த கீரை. வாயும் வயிறுமாக இருப்பவளுக்குத் திருஷ்டி பட்டதைக் கொடுப்பதா? ஜன்னலில்லாத சாமி அறையில் மூன்று மண்சட்டிகளை வைத்து, சிறுகீரை விதை தூவினார். வெயிலுக்குப் பதில், படத்துக்கு மேலே எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பயிருக்கு இதைவிடப் புனிதமான வெளிச்சம் உண்டா?

"பாத்தியா, பத்தே நாள்ல எவ்ளோ ஒசரம்!"

"மஞ்சளா இருக்குதுங்களே?"

"சாமி ரூம்ல மங்களகரமாத்தான்டி இருக்கும்."

ஒரு மாதம் அந்த மங்களத்தைத் தின்றாள் கஸ்தூரி. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், இட்லிக்கு ஊற்ற வேண்டிய சாம்பாரைக் கணவரின் மடியில் ஊற்றினாள். மனைவியின் நிலையை அவர் ஆழமாக உணர்ந்தது அன்றுதான்.

தொடைக்கு மருந்து தடவிய டாக்டரிடம் தம் கீரைக்கட்டைப் பெருமையாக நீட்டினார்.

"இதுவா கீரை? வெயில் பட்டு இலை பச்சையானாத்தான் கண்ணுக்கான சத்து அதுல ஊறும். நீங்க போட்டது வெறும் தண்ணி, நார்!"

மறுநாள் கஸ்தூரியே பாஞ்சாலையைக் கூப்பிட்டாள். சட்டிகளைப் பார்த்த பாஞ்சாலை கன்னத்தில் கை வைத்தாள்.

"இன்னாம்மா இது! பூட்டி வச்சி பட்டினி போட்டாரா உன் வூட்டுக்காரரு?"

"அந்தக் கூடை மேல ஊரு கண்ணே பட்டிருக்கும்டி," என்று உள்ளேயிருந்து முனகினார் கோதண்டராமன்.

"படட்டும்ங்க. பொறக்கிற கொழந்த மூஞ்சி எனக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து அவர், பாஞ்சாலை தரும் ஒவ்வொரு கட்டுக்கும் தோட்டத்து மூலையில் ரகசியமாக உப்பு சுற்றிப் போட்டார். ஆறு வாரம் கழித்து, நன்றாக இருட்டிய ஒரு வேளையில் அவர் உப்பைச் சுற்றிக்கொண்டிருக்க, சமையலறை ஜன்னலிலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது:

"உப்பு ஜாஸ்திங்க! போதும், உள்ள வாங்க."