மூன்று டன் என்றது பலகை

யார்டில் எல்லோருக்கும் அவள் கேட்லாக் அக்கா. சுமை தூக்கும் பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை வாங்கி வாடகைக்கு விடுகிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. எந்த வண்டி எவ்வளவு எடையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்று தேடிப்பிடித்து எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். கேட்க லேசுதான், உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் வண்டவாளம்! வண்டியின் கேட்லாக் புத்தகம் கிடைத்தால் பக்கம் கிழிந்திருக்கும், பக்கம் இருந்தால் மாடல் வேறாக இருக்கும். வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்கவும் தெம்பிருக்காது.

அன்றைக்கு வந்த மஞ்சள் வண்டியை ஓட்டப் போகிறவர் அவள் வீட்டுக்காரர். பதினோரு மணிக்கு இரண்டரை டன் மோட்டாரை மேல் தட்டில் ஏற்ற வேண்டும். வண்டியின் விவரப் பலகைமேல் எவனோ புண்ணியவான் பெயிண்டைப் பூசி வைத்திருந்தான். பிளேடால் சுரண்டினாள். நம்பரும், மூன்று டன் என்பதும் தெரிந்தன.

"அப்புறமென்ன, எழுதுங்கம்மா," என்றார் மேனேஜர்.

பலகையின் ஆணிகள் மட்டும் புத்தம் புதுசு. மனசு ஒப்பவில்லை. வண்டியைச் செய்த கம்பெனிக்கு நம்பரை அனுப்பினாள். பத்தரைக்குப் பதில் வந்தது. அந்த நம்பர் வண்டி ஆறு வருஷத்துக்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டதாம்! பலகையைக் கழற்றி, இந்த ஊர் பேர் தெரியாத வண்டியில் அடித்திருக்கிறார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் ஓடிப்போய், "ஏங்க, இறங்குங்க முதல்ல," என்றாள். அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "ஒரு தடவை தூக்கிட்டா போச்சும்மா."

"ஒரு தடவை விழுந்தாலும் போச்சு சார். கையெழுத்து போட மாட்டேன்."

"வீட்டுக்காரர் ஓட்டுறார்னா சட்டம் பேசுறீங்க. நேத்து பச்சை வண்டிக்குக் கண்ணை மூடிட்டுப் போட்டீங்களே, அதுக்குப் புத்தகம் இருந்துச்சா?"

இல்லை. தேடித் தேடி அலுத்து, அதே ஜாடையில் இருந்த வேறொரு மாடலின் கணக்கை எழுதி ஒப்பேற்றியிருந்தாள். எத்தனையோ வண்டிக்கு அப்படித்தான். அதில் ஏறுகிறவனும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரன்தானே? இத்தனை வருஷத்தில் இது உறைக்கவில்லையே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபீசுக்குள் போய், பச்சை வண்டி வேலை செய்யும் கிடங்குக்குப் போன் போட்டாள்.

"வண்டியை உடனே நிறுத்துங்க. எடைக் கணக்கு தப்பா இருக்கலாம்."

"யாரும்மா சொன்னது? கையெழுத்து போட்ட பேப்பர் எங்க கையில இருக்கே!"

"போட்டவதான் பேசுறேன். நிறுத்துங்க."