ஐந்து பைச் சருகு

அந்த ஒக்டோபர் காலையில் நான் அள்ளிக் கட்டிய ஐந்து பைகளும் சம்பந்தி வீட்டு வாசலில் வரிசையாக நின்றன, கலியாண வீட்டுக்கு வந்த தடித்த மாமிமார் மாதிரி. எனக்கு ஒரே பெருமை. படம் எடுத்து வேலையிடத்தில் இருந்த மகளுக்கு அனுப்பினேன்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமியார், நோர்வேக்காரி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ‘சம்பந்தி’ என்றேன், அவரும் திருப்பி அதையே சொல்லப் பழகிக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்னிடம் இருப்பது முப்பது வருடம் ஒஸ்லோ அலுவலகங்களைத் துடைத்துப் பொறுக்கிய நொஸ்க் மொழி. நான் பிழையாகக் கதைத்தால் அவர் திருத்தமாட்டார், சிரிப்பார். அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகப் பிழை விடுவேன்.

அவருடைய வீட்டின் பின்பக்கம், ஹசல் மரத்தின் கீழ், வெயில் படாத ஒரு மூலை. தன் கணவர் இறந்த கோடையில் அங்கே புளோவைஸ் விதை போட்டார். காட்டு மரங்கள் இலை விடுவதற்கு முன்பே, நிழலில், சருகுக்குள்ளிருந்து தலை நீட்டும் சின்ன நீலப் பூ அது. காட்டிலிருந்து கிண்டி எடுத்து வர அவருக்கு மனமில்லை. விதை போட்டால் பூக்க ஆறு வருடமாவது ஆகும் என்றார்.

“ஆறு வருசமோ? அதுக்குள்ளை நான் முருங்கையை நட்டு, காய் புடுங்கி, குழம்பு வைச்சு, திண்டு ஏவறையும் விட்டிருப்பன்” என்றேன்.

“உமக்குப் பொறுமை இல்லை, சம்பந்தி” என்றார். நொஸ்கில் சொன்னதுதான், என் காதில் இப்படி விழுந்தது.

ஆறு வருடம் கழித்து, நான் சருகு கூட்டிய அந்த இலையுதிர்காலத்தில் செடிகள் முதன்முதலாக மொட்டு வைத்தன, சருகுக்கு அடியில், மண்ணோடு ஒட்டி. அதே மாதம்தான் அவருடைய குடலில் இருந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார். மொட்டு விஷயம் என் காதுக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில்தான் முற்றம் கூட்டாமல் கிடக்கும். நோயாளி இருக்கிற வீட்டைச் சருகு மூடவிட்டால் மூதேவிக்குப் பாய் விரித்த மாதிரி. அவரைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாளே, ஊரிலிருந்து பெட்டியில் வந்த ஈர்க்கு விளக்குமாற்றோடு பின்பக்கம் இறங்கினேன். விளக்குமாற்றுக்கு வராததை இரும்பு வாரியால் இழுத்தேன். கறுத்துப்போன தோல் மாதிரி இலைகள் சில வேரோடு வந்தன. அழுகல் என்று நினைத்து அதையும் பைக்குள் போட்டேன். மண் தலை மழித்த மாதிரி ஆனது. சாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதாக எனக்கு நினைப்பு.

தை மாதம் சம்பந்தியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஏப்ரலில் மகள் பின்பக்கம் போய் நின்றாள்.

“அம்மா, இதிலை நிண்ட செடியள் எங்கை?”

நான் பைகளின் கதையைச் சொன்னேன். அவள் நிலத்தில் குந்திவிட்டாள். விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். பிறகு, “மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றாள்.

நான் சொல்லாமல் விட்டதோடு நிற்கவில்லை. வெஸ்ட்லியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒவ்வொரு நாளும் அந்த இல்லத்துக்குப் போய், கட்டிலருகே இருந்து பொய்ப்பூ பூக்கவைத்தேன். “இண்டைக்கு எத்தனை?” என்பார். முதல்நாள் இரண்டு. அடுத்த நாள் ஐந்து. “ஒண்டு கூனிக்கொண்டு நிக்குது, உங்கடை கடைசித் தங்கச்சி மாதிரி” என்பேன். சிரிக்கப் போய் இருமுவார். போனில் படம் எடுத்து வாரும் என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பதினான்கு பூ வந்த நாளில் அவர் கண்ணை மூடியபடி சொன்னார்: “சம்பந்தி, நீர் கூட்டேக்கை நான் குசினி யன்னலடியிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்.”

நான் கேட்டேன்: “அப்ப ஏன் என்னை மறிக்கேல்லை?”

“எழும்பினனான். மூண்டு தரம் இருந்து இருந்துதான் கதவடிக்கு வரேலும். வாறதுக்குள்ளை நீர் பை கட்டீட்டீர்.”

மன்னிப்புக் கேட்க நொஸ்கில் ஒரு சொல் இருக்கிறது. வாளியைத் தட்டிவிட்டால் சொல்கிற சொல். அதற்கு மேல் எனக்கு அந்த மொழியில் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கமுதல் அவர் கையை லேசாக அசைத்தார்.

“அதை விடும். பதினைஞ்சாவது எந்தப் பக்கம்?”

கடன்காரனிடமும், பொலிஸிடமும், புருசனிடமும் நின்ற நிலையில் பொய் சொன்னவள் நான். அன்று ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார். வெளியே சாப்பாட்டு வண்டி போகும் சத்தம் கேட்டது.

“நாளைக்குச் சொல்லுறன்” என்றேன்.

அடுத்த நாள் நான் போகவில்லை. காய்ச்சல் என்று மகளிடம் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் காலை, அவர் போய்விட்டார் என்று போன் வந்தது.