சோடாவில் வெந்த கஞ்சிப்பாசி

ஆயம்மாளுக்கு ஒரே சட்டம்தான். ஆய்வுக்கூடத்துக்குள் வரும் எதுவும் காஸ்டிக் சோடாவில் வெந்து, ஏழு தண்ணீர் கண்ட பிறகே மேசை ஏறலாம். வடக்கனந்தலில் குத்தகை வயலில் நாற்று நட்டவள், கள்ளக்குறிச்சி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் குப்பி கழுவ வந்து பதினோரு வருடம்.

1987 செப்டம்பர். இடஒதுக்கீட்டுப் போராட்டம், சாலையெங்கும் வெட்டிய புளியமரங்கள். சேலத்திலிருந்து அகர் தூள் வரவில்லை. பிரசவ வார்டில், கல்வராயன் மலையிலிருந்து வந்த தங்கமணிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் நூற்று நாலு. இரண்டு மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று அறிய அதைத் தட்டில் வளர்க்க வேண்டும். தட்டில் ஊற்றி உறையவைக்க அகர் வேண்டும்.

அகரும் கடலின் சிவப்புப் பாசிதானே என்று நர்ஸ் பாத்திமா, கீழக்கரை அண்ணன் முன்பே கஞ்சி காய்ச்சக் கொடுத்தனுப்பிய கஞ்சிப்பாசியைக் கொண்டுவந்தாள். லேப் டெக்னீஷியன் பிலிப்பு பாதியைக் காய்ச்சினார். உறையவில்லை, கூழாக வழிந்தது.

மீதிப் பாசியில் கவிச்சி வீசியது. ஆயம்மாள் அதைக் குப்பிகளோடு சோடாப் பானையில் போட்டுவிட்டாள்.

"இன்னா ஆயம்மா இது! இருந்ததே அவ்ளோதான்!"

"நாறிக்கினு கெடந்துச்சி சார். ஏழு தண்ணி அலசிட்டேன். காச்சித்தான் பாருங்களேன்."

வேறு வழியில்லாமல் பிலிப்பு காய்ச்சி வடிகட்டினார். கறிச்சாறு சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டார். ஆயம்மாள் சாய்த்தாள். அசையவில்லை. கவிழ்த்தாள். விழவில்லை.

பி.எஸ்சி. வேதியியல் படித்த பிலிப்பு குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இது சீனிச் சங்கிலி ஆயம்மா. ரெண்டு வித சீனி மாத்தி மாத்திக் கோத்தது. நடுநடுவுல கந்தகத் துண்டு, சல்பேட்டுன்னு, ஒட்டிக்கினு இருக்கும். அது இருக்கிற எடத்துல சங்கிலி கோணிக்கும், ஒன்னோட ஒன்னு பின்னாது. சோடால வெந்தா கந்தகம் கழண்டுடும். அந்தச் சீனிக்குள்ளயே ஒரு பாலம் வுழுந்து கோணல் நிமிந்துடும். அப்புறம் ரெண்டு ரெண்டா முறுக்கிக்கினு தண்ணிய உள்ள புடிச்சி வெச்சிக்கும்."

ஆயம்மாள் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினாள். நூற்றில் தொண்ணூற்றெட்டு தண்ணீர், ஆனாலும் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத கந்தகம் ஒன்று போனதற்கு இவ்வளவா?

"கடலுக்குள்ள ஒக்காந்து யாருங்க சார் இத்தக் கோத்தது?"

பிலிப்பு தங்கமணியிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் தடவி, மேலே மருந்து தோய்ந்த காகித வில்லைகளைப் பதித்தார்.

மறுநாள் தட்டெங்கும் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஒரே ஒரு மருந்து வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாய்த் தெளிவு. அந்த மருந்தையே ஊசியில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை தங்கமணி எழுந்து உட்கார்ந்து, "சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

வழக்கம்போலத் தட்டுகள் சோடாப் பானைக்கு வந்தன. ஆயம்மாள் எல்லாவற்றையும் போட்டாள். தெளிவாய் வட்டம் விழுந்த அந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொதித்து வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.