பாப்பா வழியாகப் பேசும் இருவர்

ஒரு பெரிய வீட்டுக்கு வேலையாட்கள் எத்தனை பேர் வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கணவர் பெங்களூர் சம்பளத்தில், பழைய தங்கச் சுரங்க ஊரான இந்தக் கோரமண்டலில் கட்டிய எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி, ஒரு லிஃப்ட், ஐந்து குளியலறை. எனக்கு வேண்டியதோ, நான் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகும்போது ஒன்றரை வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு நல்ல ஆள்.

வேலைக்கு வருபவரிடம் கேட்க இணையத்தில் தேடி இருபது கேள்விகள் எழுதிவைத்தேன். வந்த அக்கா, பல வருடம் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் வில்லா வீடுகளில் வேலை பார்த்தவர். ஏழாவது கேள்வியிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"நாள் பூரா ஒரே ஆளு புள்ளைய பாத்தா சாயங்காலம் எரிச்சல் வரும் மேடம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நான் பாக்கறேன். செகண்ட் ஷிஃப்டுக்கு ஆளு சொல்றேன்."

சுரங்க வேலையிலேயே வளர்ந்த எங்கள் ஊரில் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே வாதாடுவதில்லை. அவர் சொன்ன ஆள் பக்கத்து மாரிகுப்பத்திலிருக்கும் அவருடைய நாத்தனார். குழந்தையை அவளைப் போல யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். அது உண்மைதான். இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்கா வீட்டிலிருந்து ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிய வேன் நாத்தனாரை ஏற்றாமல் போய்விட்டதாம்.

தினமும் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அக்கா மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்: "பாப்பா, பருப்பு சாதம் அரை கிண்ணம்தான் துன்னேன்னு சொல்லு."

நாத்தனாரும் மகளிடமே பதில் சொல்வார்: "மிச்சத்த யாரு துன்னாங்கன்னு கேளு பாப்பா."

மகள் இருவரையும் பார்த்துக் கைதட்டுவாள். விடுமுறை நாளில் வீட்டிலிருந்து பார்த்த நானும் சிரித்தேன், அது தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் மகளுக்கு லேசான காய்ச்சல். மருந்துக்கு மருந்து ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேர்வு மேற்பார்வை இருந்ததால் நான் விடுப்பு எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். இரண்டரை மணிக்கு மனசு கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன். நாத்தனார் மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அக்காவை அழைத்தேன். ஒன்றரைக்கே கொடுத்தாயிற்று என்றார். அதை ஏன் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று கேட்டேன்.

"பாப்பா தூங்கிக்கினு இருந்துச்சு மேடம். யாராண்ட சொல்றது?"

மறுபடி வீட்டுக்குப் போன் செய்து மருந்தைக் கீழே ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன். இருவரும் மகளைப் பார்த்தே தலையாட்டினார்கள். ஃப்ரிட்ஜ் மேல் நோட்டு வைத்தேன். அக்கா தமிழில் எழுதுகிறார். நாத்தனார் கன்னட மீடியத்தில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. இப்போது தினமும் இரண்டு மணிக்குக் கல்லூரியிலிருந்து போனில் ஒருவரிடம் கேட்டு மற்றவரிடம் சொல்லிவிட்டு, வகுப்புக்குத் தாமதமாக ஓடுகிறேன்.

ஒருவரை நிறுத்தலாமென்றால் மனம் வரவில்லை. மகள் ஒரு இடுப்பிலிருந்து மற்றதுக்கு அழாமல் தாவுகிறாள். கட்டாயப்படுத்திப் பேசவைக்கப் போய் இரண்டு பேரும் நின்றுவிட்டால்? இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துவைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கு எழுதுங்கள்.