நான் எழுதிக் கொடுத்த வயதுகள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வயது எழுதியவள் நான்தான். பெற்றவர்கள் பிள்ளையைப் பெற்றார்கள், வயதை நான் போட்டேன். இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்லும்போதும் எனக்கு வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் உண்டு.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பதுளையில் பசறை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் ஏறினால் எங்கள் பள்ளிக்கூடம். ஒரே மண்டபம், தகரக் கூரை, ஐந்தாம் வகுப்பு வரை. பெரிய வாத்தியார் ஒருவர், அவருக்குக் கீழே நான் ஒருத்தி. அவருக்குக் கண் மங்கல் என்பதால் பிள்ளைகளைச் சேர்க்கும் இடாப்பும் வரவு இடாப்பும், அதாவது பதிவேடுகள் இரண்டும், என் கையில் இருந்தன.

பாதிப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. நீ எந்த நாட்டுக்காரன் என்பதற்கே அரசாங்கம் பதில் கொடுக்காமல் இழுத்தடித்த சனத்துக்கு, பிறந்ததற்குக் கடுதாசி யார் கொடுத்தார்கள்? "எப்பம்மா பொறந்தா?" என்று கேட்டால், "போன தொரை மாறிப் போன வருசங்க, மழைக் காலம்" என்பார்கள். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வேன். தொட்டால் ஆறு, தொடாவிட்டால் ஐந்து. எங்கள் பிறப்புப் பதிவு அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தோட்டத்தில் ஒரு பையனுக்குப் பேர் பதிய வேண்டுமென்றால், அதாவது செக்ரோலில் பெயர் ஏற்றி வேலை கொடுக்க வேண்டுமென்றால், அவனுக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது. சான்றிதழ் இல்லாதவனுக்கு என் இடாப்பில் உள்ள வயதைத் தோட்டத்து ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. ஆகவே படிப்பு ஏறாத பையனின் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து வாசலில் நிற்பாள்.

"டீச்சரம்மா, இவனுக்குப் படிப்பு வரமாட்டேங்குது. சும்மா ஒக்காந்து எந்திரிச்சு வர்றான். ஒரு ரெண்டு வயசு கூட்டிப் போட்டீங்கன்னா அடுத்த தடவ பேரு பதிஞ்சிருவேன்."

நானும் கூட்டிப் போடுவேன். பழைய எண்ணைச் சவர பிளேடால் சுரண்டி, இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, புது எண்ணை எழுதுவேன். இதற்கு எதிரானதும் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வயது எல்லை உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கிடந்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கூடம் வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு வயது குறைப்பேன். படிக்காதவனுக்கு வயது கூடும், படிக்கிறவளுக்குக் குறையும். எனக்கு அது குற்றமாகவே படவில்லை. வேறு எதையும் கொடுக்க வக்கில்லாத பள்ளிக்கூடம் அது, வயதையாவது கேட்டபடி கொடுத்தேன்.

அப்படி நான் வயது குறைத்தவர்களில் ஒரு சிறுமி இருந்தாள். அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவள். கணக்கை எழுதாமல் வாயாலேயே சொல்வாள். நான் கரும்பலகையில் பிழை விட்டால் திருத்துவாள், அதுவும் சிரிக்காமல். புலமைப்பரிசில் எழுதினாள், கொஞ்ச மார்க்கில் தவறிப்போனது. தவறாமல் என்ன செய்யும்? பரீட்சையில் வந்த பாதிப் பாடத்துக்கு எங்களிடம் புத்தகமே இல்லை. இனி அவள் படிக்க ஒரே வழி, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பு திறப்பதுதான். பதுளைக்குத் தினமும் போய்வர அந்த வயதுப் பெண்ணை யாரும் அனுப்பவில்லை. அவளுடைய அம்மா லயம் லயமாக ஏறி இறங்கி, கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வாங்கி, ஆறாம் வகுப்பு கேட்டு மனு அனுப்பினாள். மனுவை எழுதியவளும் நான்தான்.

அந்த மனு போயிருந்த சமயத்தில்தான் மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய பேச்சு. நாங்கள் கொடுத்த பால் கலக்காத சாயத் தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தார். கெட்ட மனிதர் இல்லை, என் கோபத்துக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். மூன்று நாள் தங்கி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கணக்குத் தாளும் ஒரே தமிழ்த் தாளும் கொடுத்தார். பிறகு என் இடாப்பை வாங்கி வயதுகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். எவ்வளவு கவனம் தெரியுமா, ஒரு எண் பிழைக்கக் கூடாதென்று விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தார். பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, போன வருடம் உனக்கு எத்தனை வயது என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எழுதி வைத்திருப்பதை நம்பினார், எதிரே உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டத் தாளைக் காட்டினார். தாள் நிறைய மையால் வைத்த சின்னச் சின்னப் பொட்டுகள்.

"இஞ்ச பாருங்கோ ரீச்சர். கீழ்க்கோடு வயது, நிமிந்த கோடு மார்க்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டு. வயது கூடக் கூட மார்க்ஸ் இறங்கிக்கொண்டு போகுது, தெரியுதே? இணைபு எண்டு சொல்லுறது இதைத்தான். ரெண்டு சங்கதி சேர்ந்து ஏறுதா, ஒண்டு ஏற மற்றது இறங்குதா எண்டு பாக்கிறது. இவ்வளவு ஒழுங்கா நான் வேற ஒரு தோட்டத்திலையும் காணேல்லை."

"அப்ப வயசு கூடுறதாலதான் படிப்புக் குறையுதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை. ஏன் எண்டு இது சொல்லாது. சேர்ந்து போகுது எண்டு மட்டும்தான் சொல்லும். அதை நான் எழுத்திலையும் போடுவன்."

நான் தாளைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு பொட்டையும் எனக்குத் தெரியும். வலது பக்கம் கீழே கிடந்த நாலு பொட்டுகள், பேர் பதியக் காத்துக்கொண்டு பின்வாங்கில் உட்கார்ந்திருந்த நாலு பையன்கள். இடது பக்கம் மேலே தனியாக நின்றது அந்தச் சிறுமி. ஒழுங்காக இருக்காமல் என்ன செய்யும்? அந்த ஒழுங்கு என் பிளேடால் வந்தது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்த நாலு பேருக்கும் பேர் பதிய முடியாது, என் வேலையும் போகும் என்று நினைத்தேன். போகட்டும், பொட்டு வைத்த ஒரு கடுதாசியை யார் பார்த்து என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். படித்தவள் என்று பெயர், யோசனையைப் பாருங்கள்.

சில வருடம் கழித்து ஆசிரியர் கலாசாலையில் பயிற்சிக்குப் போனபோது இதே இணைபு எனக்குப் பாடமாக வந்தது. இரண்டு விஷயம் சேர்ந்து போனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதே, எது முன்னே வந்தது என்று பார், இரண்டையும் பின்னாலிருந்து ஆட்டுகிற மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடு, அளந்த கோலே சரியா என்று கேள் என்றார்கள். ஒரே வகுப்பில் வயது கூடியவன் யார்? போன வருடம் தேறாமல் நிறுத்தி வைக்கப்பட்டவன். அவன் வயதால் மக்காகவில்லை, தேறாததால் அந்த வகுப்பிலேயே இருந்து மூத்துப்போனான். இடாப்பு உண்மையாக இருந்திருந்தாலும்கூட அந்தப் பொட்டுகள் கொஞ்சம் சரிந்துதான் இருந்திருக்கும். எங்கள் இடாப்போ பொய். மூன்றாவது ஒன்றைத் தேடு என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. நான்தான் அந்த மூன்றாவது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, ஒரு பக்கத்துக்கு எழுதினேன், நல்ல மார்க்ஸ் போட்டார்கள். அந்த விடைத்தாளை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை.

ஆனால் அந்தப் பாடம் எனக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது. ஆராய்ச்சிக்காரர் போன அதே வருடக் கடைசியில், மனுவுக்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். வேலை முடிந்து சனங்கள் கொழுந்து ஈரம் காயாத சேலையோடு மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரியின் கையில் தட்டச்சு செய்த அறிக்கை ஒன்று இருந்தது. அதன் நடுப்பக்கத்தில் அதே பொட்டுகள்.

"நாங்க எதையும் சும்மா முடிவு பண்ணல. ஆராய்ச்சி செஞ்சு பாத்திருக்கு. இந்தப் புள்ளைகளுக்கு வயசு கூடக் கூடப் படிப்பு குறைஞ்சுகிட்டே வருது. இதுல ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புன்னு வச்சு என்ன பிரயோசனம்? அஞ்சோட நிறுத்துறதுதான் ஒங்களுக்கும் நல்லது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிக்கையைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆராய்ச்சிக்காரர் சொன்னபடியே எழுதித்தான் இருந்தார். இதை வைத்துக் காரணம் எதையும் முடிவு செய்யக் கூடாதென்று இரண்டு வரி இருந்தது. பொட்டுகளுக்கு ஒரு முழுப் பக்கம், எச்சரிக்கைக்கு இரண்டு வரி. அதிகாரியிடம் அதைக் காட்டினேன்.

"அதெல்லாம் அவங்க வழக்கமா எழுதுறது டீச்சர்" என்று சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பெரிய வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடுவதாக இல்லை. "ஐயா, அந்த வயசு இருக்கே..." என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த சிறுமியின் அம்மா சட்டென்று எழுந்தாள்.

"டீச்சரம்மா, வேணாம். ஒக்காருங்க" என்றாள். அதிகாரி பக்கம் திரும்பி, "சரிங்கய்யா. ஒங்களுக்குத் தெரியாததா" என்றாள். அதிகாரி தேத்தண்ணி குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஒன் புள்ளையோட படிப்புத்தானே போகுது, ஏன் என்னைத் தடுத்த என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் பயலுக நாலு பேரும் இப்ப செக்ரோல்ல இருக்கானுங்க. வயசு பொய்யின்னு நீங்க சொன்னா நாளைக்கே பேர வெட்டிருவாங்க. ஒங்களையும் வைக்க மாட்டாங்க. எம்புள்ள ஒருத்தி படிக்கிறதுக்கு நாலு வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட சொல்றீங்களா?"

படிப்பு வேண்டுமென்று லயம் லயமாக அலைந்தவள் அவள். நான் செய்த பொய்க்கும் ஆராய்ச்சிக்காரரும் அதிகாரியும் செய்த முட்டாள்தனத்துக்கும் சேர்த்துத் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்ட நேரமாகிறது என்று நடந்து போனாள்.

தை பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"லயத்துல சும்மா வச்சிருந்து என்னங்க பண்றது. போன வருசம் கொறைச்சுப் போட்டீங்கல்ல, அத எடுத்துட்டுக் கூட்டிப் போட்டுத் தாங்க. பேரு பதியணும்."

இடாப்பைத் திறந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை சுரண்டிய இடம், காகிதம் மெலிந்து பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. மெதுவாகச் சுரண்டினேன். பத்து இருந்த இடத்தில் பதின்மூன்று எழுதினேன். சிறுமி மேசை ஓரத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எங்கண்ணனுக்கே பதிமூணுதானே. எனக்கும் எப்புடி பதிமூணு வரும்?" என்றாள்.

ஆராய்ச்சிக்காரர் வந்தார், அதிகாரி வந்தார், தோட்டத்து ஆபீஸ் எத்தனையோ வயதுகளை வாங்கிக்கொண்டது. அந்த எண்களில் ஒன்றையாவது கூட்டிக் கழித்துப் பார்த்து, இது சரியில்லையே என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் அம்மா, "பேசாம நில்லு" என்றாள்.

அன்றைக்கு அந்த மனிதர் தன் கட்டத் தாளோடு திரும்பி வந்திருந்தால் அவருடைய ஒழுங்கு உடைந்து போயிருக்கும். அந்த நாலு பையன்களும் விலகிய பிறகு எங்கள் பள்ளிக்கூடத்து இடாப்பிலேயே வயதில் மூத்தவள்தான் எல்லோரையும் விட அதிக மார்க்ஸ் எடுத்தவள். அளந்து பார்க்க யாரும் வரவில்லை. நான் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதி, பள்ளிக்கூட முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அவள் அம்மாவுக்குப் பின்னால் கூடையோடு நின்றாள்.